பச்சைச் சாயமும் மஞ்சள் தண்ணீரும்

சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்துத் தெருவில் விக்ரோரியா காலத்துச் செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வெளியில் பார்த்தால் அழகு. நிலத்துக்குக் கீழே எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது கட்டினவர்களுக்கே வெளிச்சம். ஏதோ ஒரு வீட்டின் கழிவுநீர் மழைநீர்க் குழாய்க்குள் புகுந்து நேரே டொன் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. நான் நகரசபையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம்.

ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் பச்சைச் சாயத்தை ஊற்றிவிட்டு, தெருவில் மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து பார்ப்போம். பச்சை வந்தால் பிடிபட்டது. வரவேயில்லை. கடைசி வீடும் முடிந்தது. அன்றோடு தேடலை மூடப்போவதாக மேற்பார்வையாளர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழையில்லாத நாளில் குழாயில் தண்ணீர் ஓடுகிறது, நாறவும் நாறுகிறது, அப்படியே விட்டுவிட்டுப் போவதா?

அவர் சாமான்களை வான் வண்டியில் ஏற்ற, நான் மனம் கேட்காமல் மறுபடியும் குழிக்குள் ரோர்ச் வெளிச்சம் அடித்தேன். தண்ணீர் மஞ்சளாக ஓடியது.

"வந்துவிட்டது!" என்று கத்தினேன்.

"நாம் ஊற்றியது பச்சை," என்றார் அவர்.

எனக்கோ பார்த்த உடனேயே விளங்கிவிட்டது, அது எங்கள் வீடுகளில் கரைக்கிற மஞ்சள். கடைசி வீட்டின் கீழே, பேஸ்மென்ற்றில் குடியிருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி. எங்களுக்குச் சிரித்துக்கொண்டே தேத்தண்ணீர் தந்தவர், எங்கள் பூட்ஸை மட்டும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஓடினேன். அன்ரி கையில் வாளியோடு நின்றார். தரையெல்லாம் ஈரம்.

"நீங்கள் உந்தப் பூட்ஸோட வீடு முழுக்க நடந்திட்டுப் போனியள். அதுதான் மஞ்சள் தண்ணி போட்டுக் கழுவினனான். பிழையோ பிள்ளை?"

"மிச்சத்தை எங்க ஊத்தினியள்?"

மூலையில் இருந்த பழைய உடுப்புத் தோய்க்கும் தொட்டியைக் காட்டினார். சமையலறைத் தண்ணீரும் அதிலேதான் போகிறதாம். கழிப்பறைகளையே கட்டிக்கொண்டு அழுத எங்களுக்கு அது கண்ணில் படவேயில்லை.

"அன்ரி, இன்னொருக்கா ஊத்துங்கோ! மஞ்சள் கொஞ்சம் கூடப் போடுங்கோ. குழாயை மாத்திறது வீட்டுக்காரற்ற பாடு, உங்களுக்கு ஒண்டுமில்லை."

ஊற்றினார். நான் வாசலுக்கு வந்து காத்து நின்றேன். குழியைப் பார்க்கச் சொல்லி மேற்பார்வையாளரைப் பார்த்துக் கத்தினேன். சற்று நேரத்தில் தெருவிலிருந்து மேற்பார்வையாளரின் குரல் கேட்டது.

"மஞ்சள்! மஞ்சள்!"

அன்ரியைக் கட்டிப்பிடிக்கப் பாய்ந்தவள், என் பூட்ஸைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"பூட்ஸோடயே வா பிள்ளை," என்றார் அன்ரி. "மஞ்சள் இன்னும் கிடக்கு."