என்னை உட்காரவைத்துக் கேட்ட மாணவி

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். நான் இடப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்தேன். ஆகவே முதலில் கண்ணில் பட்டவை அவளுடைய காலணிகள். கறுப்பு நிறம். வலது காலணியின் வார் அறுந்து, வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் நன்றாக மெருகேற்றிய பழுப்புக் காலணிகள் ஒரு ஜோடி. அவை பேராசிரியருடையவை.

1980களில் மலேசியாவின் ஈப்போவில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு மருத்துவக் கல்லூரி. முதல் அணி மாணவர்களுக்கு அன்று இறுதித் தேர்வு. அந்தத் தேர்வில் நான்தான் கேள்வித்தாள். நோயாளிகளைக் கட்டில்களில் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பத்து நிமிடம் பரிசோதித்து, இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். மணி அடித்ததும் அடுத்த கட்டில்.

"என் பெயர் சாமுவேல்" என்று பேராசிரியரிடம் சொல்லியிருந்தேன். "தேவையில்லை, நீங்கள் நான்காம் கட்டில்" என்றார்.

எனக்கு வயது நாற்பத்தாறு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பேராக் மாநிலம் முழுவதும் அலைந்து ஒரு தமிழ் நாளிதழுக்குச் செய்தி எழுதியிருக்கிறேன். மூச்சிரைப்பு வந்தபின் அலைய முடியாமல் புந்தோங்கில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக உட்கார்ந்தேன். பதினொரு மாதமாக நோய். பேருந்து நிலையத்தில் ஒருமுறையும் சபையில் பாட்டுக்கு எழுந்து நின்றபோது ஒருமுறையும் மயங்கி விழுந்தேன். இதய வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். கோலாலம்பூரில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இதயத்தைத் திறக்கமாட்டார்கள். சிறு துளை வழியாக விரலை உள்ளே விட்டு வால்வை விரிப்பார்கள். அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

பிழைப்பேன் என்று நான் நம்பவில்லை. என் மரண அறிவித்தலை நானே எழுதி, இரண்டு இடத்தில் திருத்தி, மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். என் மனைவி ரூத் அதைக் கண்டெடுத்து, மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

தேர்வு நாள் காலையில் நான் செய்த ஜெபத்தில் மரியாதை இல்லை. "கர்த்தாவே, பதினொரு மாதமாக ஆள் மாற்றி ஆள் என் நெஞ்சில் காது வைக்கிறார்கள். நீர் ஒரு தடவையாவது கேட்டீரா?" என்றேன். ஆமென்கூடச் சொல்லவில்லை.

அந்த மாணவியின் சட்டையில் தேர்வு எண் பதினேழு என்று குத்தியிருந்தது. கீழே பெயர்: புவனேஸ்வரி. பேராசிரியர் திரும்பி நின்று இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் மெல்லச் சொன்னேன்.

"வால்வு சுருங்கியிருக்காம்மா. எல்லாரும் அதான் சொன்னாங்க. அதையே சொல்லிடு."

வார்டில் நடந்த சிறு தேர்வுகளிலேயே எங்கள் ஆட்களிடம் இது வழக்கமாகியிருந்தது. தேர்வுக்குப் படுக்கும் தமிழ் நோயாளி, தமிழ்ப் பிள்ளையைக் கண்டால் விடையைச் சொல்லிவிடுவான். அதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. அன்று காலை அவளுக்கு முன் வந்த இருவருக்கும் சொல்லியிருந்தேன். இருவரும் தலையசைத்து வாங்கிக்கொண்டார்கள்.

இவள் வாங்கவில்லை. "சொல்லாதீங்க அங்கிள். நானே கேட்டுக்கிறேன்" என்றாள்.

கேட்டாள். முகம் சுருங்கியது. "கொஞ்சம் எழும்பி உட்காருங்க" என்றாள். எழுந்து உட்கார்ந்தேன். மறுபடியும் கேட்டாள். படுக்கச் சொன்னாள். மறுபடியும் உட்காரச் சொன்னாள்.

"உட்கார்ந்தா தலை சுத்துதா அங்கிள்?"

"சுத்தும். படுத்தா தேவலாம்."

"இத டாக்டருங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேட்கலம்மா."

பேராசிரியர் திரும்பினார். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எனக்கு ஆங்கிலம் தெரியும். படுத்திருக்கும்போது கேட்கும் சத்தம் வேறு, உட்காரும்போது கேட்பது வேறு. சுருங்கிய வால்வு இப்படி மாறாது. இதயத்துக்குள்ளே ஒரு கட்டி தொங்கி அசையலாம். படம் எடுத்துப் பார்க்காமல் இவருக்கு அறுவை செய்யக்கூடாது. இவ்வளவும் சொன்னாள்.

"அப்படி ஒரு கட்டியை நீ எங்கே பார்த்தாய்?"

"பார்த்ததில்லை சார். படித்திருக்கிறேன்."

"இருபது வருடமாக இதயம் பார்க்கிறேன். எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. உனக்குப் பத்து நிமிடத்தில் அகப்பட்டுவிட்டது." பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "கடைசியாகக் கேட்கிறேன். நோய் என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். அவர்கள் எதிர்பார்க்கும் விடை எது என்று அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேனே. அதைச் சொன்னால் அவள் டாக்டர்.

"கட்டி, சார்" என்றாள்.

மணி அடித்தது. அவர் தாளில் ஒரு கோடு இழுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. பேராசிரியர்மேல் அல்ல, அவள்மேல். கையில் கொடுத்ததைத் தட்டிவிட்டுப் போகிறாளே, அப்படி என்ன கர்வம் என்று நினைத்தேன். ஆனாலும் பழைய பழக்கம் விடவில்லை. சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டில் அவள் சொன்னதை அப்படியே எழுதி, நேரத்தையும் போட்டேன்.

முடிவு வந்தது. அந்த அணியில் தோற்றது அவள் ஒருத்திதான். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டும் ஒருவரின் மகள் என்று பிறகு தெரிந்தது.

ஐந்து வாரம் கழித்து ரூத்தோடு கோலாலம்பூருக்குப் பேருந்தில் போனேன். வழியெல்லாம் ஒரே ஜெபம்: "நான் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் காட்டும்." அறுவைக்கு முந்தின நாள் பிற்பகல் அறுவை மருத்துவர் வந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். தேர்வில் தோற்ற பெண் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கம்.

ரூத் என் குறிப்பேட்டை எடுத்து மடியில் போட்டாள். "அந்தப் பிள்ள சொன்னத சொல்லுங்க. மானம் பார்த்துக்கிட்டே சாகப் போறீங்களா?"

படித்துக்காட்டினேன். யார் சொன்னது என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவருக்கு எரிச்சல். இருந்தாலும் என்னை எழுப்பி உட்காரவைத்து நெஞ்சில் கருவியை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. போகும்போது தாதியிடம், "நாளைக்கு இவருக்கு இல்லை" என்று மட்டும் சொன்னார்.

படக்கருவியின் திரையில் நானே பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒன்று. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வுக்குள் விழுந்து எழுந்தது. விரலை விட்டிருந்தால் அது உடைந்து மூளைக்கு ஓடியிருக்கும், மேசையிலேயே முடிந்திருப்பீர்கள் என்றார் மருத்துவர். நான்காம் நாள் இதயத்தைத் திறந்து அதை எடுத்தார்கள். ரம்புத்தான் பழ அளவு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மரண அறிவித்தலை ரூத் கிழித்தாள். நான் முழங்காலில் நின்று, முன்பு விட்ட ஆமெனைச் சொன்னேன்.

சபை இதழுக்காக நான் எழுதும் இந்தச் சாட்சி இங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் நல்லது. கட்டி எடுத்த செய்தி கல்லூரிக்கும் போயிருந்தது; நான்கு மாதம் கழித்து அங்கிருந்து அழைப்பு வந்தது. மாணவர், ஆசிரியர் சாதனைப் பாராட்டு விழா. சனிக்கிழமை காலை பத்து மணி. வாசலில் வாழை மரம், மண்டபத்தில் பலூன், பதக்கங்களுக்குச் சிவப்புத் துணி விரித்த மேசை. சுவரில் என் நெஞ்சின் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. தழும்பு தெரிந்தது. முகத்தை வெட்டியிருந்தார்கள். படத்தின் கீழே, அரிய இதயக் கட்டியைக் கண்டறிந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர் என்று பேராசிரியரின் பெயர். நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது: நோயாளியின் நன்றியுரை.

கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்யும் மணியம் என் கையில் தட்டச்சு செய்த தாளைக் கொடுத்தார். பேராசிரியரின் கூர்மையான செவியால் உயிர் பிழைத்தேன் என்று அதில் இருந்தது.

"இத எழுதினது யாரு?"

"ஆபிஸ்ல லா. நீங்க சும்மா படிச்சா போதும் அண்ணே. மூணு நிமிஷம். அப்புறம் பிரியாணி."

"எனக்கு நடந்தது இது இல்லையே."

"அண்ணே, இன்னிக்கு நல்ல நாள். சூசா பண்ணாதீங்க, வம்பு வேணாம்."

பின்வாசலில் புவனேஸ்வரி நின்றாள். கூட்டாளிகள் பதக்கம் வாங்குவதைப் பார்க்க வந்திருந்தாள். நான் அவளிடம் போனேன்.

"அங்கிள், என் பேர சொல்லிடாதீங்க. அடுத்த மாசம் பரீட்சைய திரும்ப எழுதறேன். அதே புரொபசர்தான் உட்காருவாரு."

"பேரச் சொல்ல மாட்டேன்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

மேடையில் உட்கார்ந்து ஜெபித்தேன். பொய் சொல்லாமல் இறங்க வேண்டும், அவளுக்கும் கெடுதல் வரக்கூடாது என்று கேட்டேன். என் பெயரை அழைத்ததும் தட்டச்சுத் தாளைப் பையில் வைத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"அந்தத் தேர்வு நாள்வரை பதினொரு மாதத்தில் என்னைப் பரிசோதித்தவர்கள் முப்பத்தொரு பேர். முப்பது பேர் படுக்கவைத்துக் கேட்டார்கள். ஒருவர் உட்காரவைத்துக் கேட்டார். அவருடைய தேர்வு எண் பதினேழு. அன்று காலை ஒன்பது இருபதுக்கு அவர் சொன்னதைப் படிக்கிறேன்." படித்தேன். "அவருக்கும், அவரை என்னிடம் அனுப்பிய கர்த்தருக்கும் நன்றி."

யாரும் கைதட்டவில்லை. பேராசிரியர் நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரை விட்டு எண்ணை மட்டும் கொடுத்தால் ஆளை மறைத்துவிடலாம் என்று நினைத்தது என் பத்திரிகைப் புத்தி. எண் பதினேழு யார் என்று அந்த மண்டபத்தில் தெரியாதவள் நான் கூப்பிட்டுப் போன ரூத் ஒருத்திதான். எல்லாத் தலைகளும் பின்வாசல் பக்கம் திரும்பின.

வெளியே அவளைப் பிடித்தேன். அவள் அழவில்லை.

"நல்லா செஞ்சீங்க அங்கிள். உங்க மனசு சுத்தமாயிருச்சு. என்னைய முடிச்சிட்டீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. மணியம் வந்து, "அண்ணே, ஒங்களுக்குப் பிரியாணி இல்லையாம் லா" என்றார்.

அன்று முதல் ஒரு மாதம், தினமும் காலை ஆறு மணிக்கு அவளுக்காக மட்டும் ஜெபித்தேன். என் வீட்டாரைத் தவிர வேறொருவருக்காக நான் அதற்குமுன் முழங்காலில் நின்றதில்லை. மூன்றாம் வாரம் பேராசிரியருக்காகவும் ஜெபிக்கச் சொல்லி ரூத் வற்புறுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். மறுதேர்வுக்கு அவர் வரவில்லை. வெளியூரிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்தார்கள். தாமே விலகிக்கொள்வதாக அவர் கடிதம் கொடுத்தார் என்று மணியம் சொன்னார். ஏன் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அவள் தேர்ச்சி பெற்றாள்.

இதை எழுதிக் கொடுத்தபோது நம் சபை மூப்பர் ஒருவர், "அந்தப் பிள்ள இந்து லா, பேர எடுத்துட்டு ஒரு மாணவின்னு போடுங்க" என்றார். பெயரை ஒருமுறை எடுத்து நான் செய்த கெடுதல் போதும். எனக்கு வந்த உதவி அந்தப் பெயரில்தான் வந்தது. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளட்டும்.

நான் இப்போது நடக்கிறேன், மாடி ஏறுகிறேன், பாட்டு முடியும்வரை நிற்கிறேன். விடையைக் காதில் ஓதும் வேலையை விட்டுவிட்டேன். நோயிலோ பயத்திலோ இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: ஜெபியுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே ஜெபியுங்கள். என் மரியாதையில்லாத ஜெபத்தைத் தள்ளாதவர் உங்களுடையதையும் தள்ளமாட்டார். உதவியாக வருபவர் உங்களுக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

டாக்டர் புவனேஸ்வரி இப்போது பாரிட் புந்தாரில் வேலை செய்கிறார். இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.