முதல் வாய் பதநீர்

கூட்டேரிப்பட்டு நாற்கரச் சாலையோரம் இன்று பதநீர் வாசனை வந்தது. அந்தச் சாலைக்கடியில்தான் எங்கள் கொல்லை போயிற்று. அங்கிருந்த பனைகள் ஏழா எட்டா என்று கணக்கு இன்னமும் ஒத்துவராமல் என்னைப் படுத்துகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த சித்தப்பா ஆப்பிரிக்காவில், தகோமே நாட்டில், கட்டிக்கொண்டு வந்த சித்தி, எதைக் குடித்தாலும் முதல் வாயைச் செத்துப்போன தன் தாய்க்கென்று பனையடியில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பாள்.

"செத்தவங்களுக்குப் பூசை வெச்சா போதாதா? வீணா மண்ணுல ஊத்திக்கினு!" என்பாள், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் அம்மா.

"பூசைல தாகம் அடங்குமாக்கா?" என்பாள் சித்தி.

அம்மா, தன் தாயைப் புதைத்த மறுவாரம், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, அதே பனையடியில் அவசரமாகப் பதநீரைக் கவிழ்த்தாள்.

பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது.

"மெதுவா ஊத்துங்கக்கா. வயசானவங்க, பொரையேறிடும்."