நாய்க்கு வாங்கிய பிரஷர் பட்டை

அந்த வெள்ளிக்கிழமை காலை அடி அண்ணாமலையில் ஓர் எருமைக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். கை முழங்கை வரை உள்ளே இருந்தது; கோட்டுப் பையில் போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. கை கழுவிவிட்டு எடுத்தபோது, தேவராஜன் சார் விடியற்காலையில் போய்விட்டார் என்றார்கள். எருமைக்காரர் சினை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும், நம் கால்நடை மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகள் எனக்கு எதிர் மேசை டாக்டர் அவர். செத்த பிராணியை அறுத்துப் பார்க்க நேர்ந்தால் இதயத்தை மட்டும் ஊறுகாய் ஜாடியில் மருந்து ஊற்றி வைத்துக்கொள்வார். அதை ஊறுகாய் என்றே நம்பியவர்கள் உங்களில் சிலர் உண்டு. அழுத்தம் வருடக்கணக்கில் ஏறி நின்றால் எந்த இதயம் என்ன செய்யும் என்பதுதான் அவருக்கு எப்போதும் பேச்சு. ரத்தக்குழாய் பிறவியிலேயே குறுகிய நாய்க்குச் சுவர் தடித்து உள்ளறை சுருங்கும். ஓடியாடிக்கொண்டே இருந்து ஒரு நாள் சுருண்டு விழும். பனிமலை உயரத்தில் மேயும் மாட்டுக்கு வலப்பக்க அறை விரிந்து, நெஞ்சில் நீர் கோக்கும். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீள நீள இதயமும் தடிக்கும், ஆனால் இறுகிப்போகாது.

"அதுக்கு அப்படி அமைஞ்சிருக்கு மேடம். நமக்கு மொதல்ல தடிக்கும், அப்புறம் இறுகும், அப்புறம் அவ்ளோதான்" என்பார்.

இரண்டு வருடம் முன்பு நாய்களுக்கென்று பிரஷர் மிஷின் வந்தது. பிரித்த அன்றே விளையாட்டாக அந்தக் குட்டிப் பட்டையைத் தன் கையில் இழுத்துக் கட்டினார். மிஷினில் வந்த எண்ணை இருவரும் பார்த்தோம்.

"பட்டை சின்னது சார், அதான் ஜாஸ்தி காட்டுது" என்றேன்.

சின்னப் பட்டை கூட்டித்தான் காட்டும். எங்கள் பாடத்திலேயே உண்டு. ஆனால் அவ்வளவு கூட்டிக் காட்டாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனிதர்களுக்கான ஆஸ்பத்திரி அடுத்த தெருவில் இருந்தது. சிரித்துக்கொண்டே பட்டையைச் சுருட்டி வைத்தோம்.

பௌர்ணமிதோறும் கிரிவலத்தில் பை நிறைய மருந்தோடு நடந்து, வழியில் படுத்திருக்கும் நாய்களுக்குப் புண் கட்டுவார். கடைசி ஆறு மாதம் பாதி வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். குதிகால் வலி என்றார். நானும் களிம்பு கொடுத்தேன். மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே கொடுத்தேன்.

பதினாறாம் நாள் அவர் மனைவி என்னைத் தனியாக அழைத்தார். "ரொம்ப நாளா பிரஷர் இருந்திருக்குது, இதயம் தடிச்சுப் போயிருக்குதுனு டாக்டர் சொன்னாருங்க. உங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

"இல்லைங்க" என்றேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா, நான் உங்களிடம் சொன்னது பொய். மிஷின் காட்டிய அந்த எண்ணை நானும் பார்த்தேன். அவர் ஜாடிகளைப் புதைத்துவிட்டோம். அந்தப் பட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தினமும் ஏதாவது ஒரு நாயின் காலில் கட்டுகிறேன். எண் கூடுதலாக வந்தால், மறுபடியும் கட்டிப் பார்க்கிறேன்.