வீங்கிய கண் மயில்

புது ஜக்கார்டு மெஷின் வந்தால் வேலை குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள். யாருக்குக் குறையும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், தறிக்கு மேலே இருந்த பழைய மெஷின் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்காரர் கொக்கிகள் அதிகமுள்ள புதியதை வாங்கி மாட்டினார். நாத்தனார் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. முகூர்த்தப் புடவையின் கரையில் மயில்தான் ஓட வேண்டும், அதுவும் மாமனார் தனக்கு நெய்து கொடுத்த புடவையிலுள்ள அதே மயில்தான் என்று அத்தை, என் மாமியார், ஒரே பிடியாக நின்றார். அந்த மயிலுக்கு அட்டை வெட்டியவர் மாமனார். அவர் போய் வருஷம் திரும்பியிருந்தது.

"அப்பா ஆசீர்வாதம்னு பொண்ணுக்கு வேற இன்னா இருக்குது?" என்றார் அத்தை.

மயில் என்பது கோத்துக் கட்டிய அட்டைகளின் நீளமான சரம். துளை இருக்கும் இடத்தில் கொக்கி எழுந்து, தன் கயிற்றில் தொங்கும் இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் எழாது. பழைய அட்டை புது மெஷினுக்கு அகலம் போதவில்லை. பக்கத்தில் துளையில்லாத துண்டை ஒட்டிவிட்டால் மிச்சக் கொக்கிகள் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னார். யோசனை அவருடையது, ஒட்டியது நான். சமைத்த நேரம் போக, தார்க்குச்சியில் நூல் சுற்றிய நேரம் போக, ஒட்டிக்கொண்டே இருந்தேன். சோற்றைப் பிசைந்தால்கூட மைதாப் பசை வாடைதான்.

ஒருவழியாக நெய்ய உட்கார்ந்தார். மயில் வந்தது.

"இன்னாமா இது? கண்ணு வீங்கினு இருக்குது! அழுத மூஞ்சியா கல்யாணத்துக்கு?" என்றார் அத்தை.

வீட்டுக்காரர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய மெஷினில் ஒரு கொக்கி செத்துக் கிடந்திருக்கிறது. மாமனார் அதைச் சரிசெய்யாமல், அதற்கான துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை வெட்டிச் சமாளித்திருக்கிறார். புது மெஷினில் எல்லாக் கொக்கியும் உயிரோடு இருந்ததால் இரண்டும் எழுந்தன.

"எல்லா அட்டையிலயும் அந்தப் பழைய துளைய ஒட்டி அடைச்சுடுமா" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னால முடியாதுங்க. அந்தக் கொக்கியில கயித்த அவுத்துட்டா போதாதா?"

"புது மெஷின நொண்டியாக்கச் சொல்றியா? பழைய குருடி கதவத் திறடின்னு ஆயிடும்." கோபமாக வெளியே போய்விட்டார்.

நான் ஸ்டூலைப் போட்டேன். கை எட்டவில்லை. தறிமரத்தில் ஒரு கால் வைத்தால் எட்டும். தறியில் பாவாடை நுனி பட்டாலே திட்டுகிற அத்தை வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"கால வைமா. நான் கும்புட்டுக்கறேன்."

அவிழ்த்துவிட்டு இறங்கினேன். வீட்டுக்காரர் திரும்பி வந்து, அவிழ்ந்து தொங்கிய கயிற்றைப் பார்த்துவிட்டு நெய்ய உட்கார்ந்தார். கண் சின்னதாக, கொஞ்சம் ஓரமாக விழுந்தது. அத்தை தன் புடவையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டையும் விரலால் தடவினார்.

"ஆங். இப்ப பாக்குது."

நாத்தனார் அந்தப் புடவையில்தான் மணையில் உட்கார்ந்தாள்.

கல்யாணம் முடிந்ததும் கயிற்றைக் கட்டிவிடலாம் என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்றார் வீட்டுக்காரர். அத்தை காலமான பிறகும் கட்டவில்லை. வேறு டிசைன் வரும்போதெல்லாம் அட்டை வெட்டுபவரிடம் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு துளை கூடுதலாகப் போடச் சொல்வார். எதற்கு என்று அவர் கேட்டால், "எங்க மெஷின் அப்படித்தாம்பா" என்பார்.