ரெண்டு விழுந்தாலும் ஆறு

"நாளைக்குப் பேரன்ட்ஸ்லாம் வராங்கப்பா. கேம்ல நான் தோக்கணும்னு மிஸ் சொல்லிட்டாங்க."

இன்று மாலை பையை இறக்கும்போதே என் மகள் சொன்னாள். மூன்றாம் வகுப்பு. பள்ளி வாசலில் 'விளையாட்டு வழிக் கல்வி' என்று ஆளுயரப் பலகை இருக்கிறது.

எனக்கு இது புதிதில்லை. தொண்ணூறுகளில் சேக்காட்டில் நான் நான்காவது படித்தபோதே இந்தக் கல்வி வந்துவிட்டது. ஒரே ஒரு நாள் இருந்தது.

பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று டீச்சர் வகுப்புத் தரையில் சாக்பீஸால் பரமபதம் வரைந்தார். ஒரு வாரம் ஒத்திகை. தாயக்கட்டையில் எது விழுந்தாலும் என் வகுப்பு லட்சுமி "ஆறு" என்று சொல்லி ஏணிக்குப் போக வேண்டும். நான் பாம்பு வாயில் போய் நிற்க வேண்டும்.

ஆய்வாளர் முன்னால் லட்சுமி உருட்டினாள். இரண்டு விழுந்தது. "ஆறு!" என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டுதான் சார் உழுந்துச்சி. ஏணிக்கு இன்னும் நாலு வோணும்."

"கழித்தல் நல்லா வருதே!" என்று ஆய்வாளர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் போனதும் டீச்சரும் தட்டினார், பிரம்பால்.

"தோத்தா அழாதே, கண்ணு" என்றேன் மகளிடம்.

"அழக் கூடாதாம்பா. சிரிச்சிக்கினே தோக்கணுமாம்."

கல்வி முன்னேறித்தான் இருக்கிறது. எங்களை யாரும் சிரிக்கச் சொல்லவில்லை.

நாளை எனக்கு முன்வரிசையில் இடம். வாயைத் திறக்கவா, வேண்டாமா? காலை ஒன்பதுக்குள் சொல்லிவிடுங்கள்.