பெயர் எழுதாத மீன்

இதை எழுத ஆறு வருஷம் தயங்கினேன். என் வாய்த்துடுக்கை நானே சொல்ல வேண்டுமே என்ற வெட்கம்தான்.

கண்ணை மூடினால் விருத்தாசலம் மீன் மார்க்கெட்டில் நிற்கிறேன். திட்டக்குடி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. கடலூரிலிருந்து வந்த ஓர் அம்மா, விளிம்பு உடைந்த பீங்கான் தட்டுகளில் மீனைக் கூறு வைத்து விற்கிறார். ஒரு தட்டில் விரல் பருமனில் வெள்ளை மீன். அடுத்ததில் ஒல்லியாக, நீண்ட கூர்வாயோடு வேறு மீன்.

"இது கெழங்கான் அண்ணே. கெழங்காட்டம் இருக்குதுல்ல, அதான் அந்தப் பேரு."

"அது?"

"அதுவும் நல்ல மீனுதாங்க. வாங்கிக்கங்க."

"பேரச் சொல்ல மாட்டேங்கறீங்களே, வூட்டுக்காரரு பேரா என்ன?" என்று சிரிக்கிறேன்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். பக்கத்துக் கடைக்காரம்மா என்னை முறைக்கிறார்.

"ஏங்க, வாய் சும்மா இருக்காதா? அந்த மீனு வாயப் பாத்துத்தான் அதுக்குப் பேரே வச்சாங்க. வலை இழுக்கறப்ப துள்ளி வந்து இவ வூட்டுக்காரரு கழுத்துல குத்திடுச்சு. கரைக்கு வர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு. அன்னையிலேருந்து அது பேர இவ சொல்றதில்ல. ஆனா விக்காம புள்ளைங்களுக்கு ஏது சோறு?"

"மன்னிச்சிடும்மா" என்கிறேன்.

"வெட்டித் தரட்டுங்களா?" என்று மட்டும் கேட்கிறார் மீன்கார அம்மா. அரிவாள்மணையில் முதலில் அந்த வாயை நறுக்கி எறிகிறார்.

தினமும் விளக்கேற்றும்போது அந்த அம்மாவுக்காகவும் சாமியிடம் வேண்டுகிறேன்.

இதைப் படிக்கும் நீங்கள் நாலு பேரிடம் அப்படியே சொல்லுங்கள். என்ன மீன் என்று கேட்பார்கள். நான் எழுதாத பெயரை நீங்களும் சேர்க்காதீர்கள்.