கையைப் பின்னால் கட்டிக்கொண்டவர்

மின்சாரமே இல்லாத புதுக்குடியிருப்பில் ஜெனரேற்றர் வைத்து நாங்கள் கணினி படித்த கொட்டிலுக்கு, வெளிநாட்டிலிருந்து சில கிழமைகள் வந்து நின்றார் அந்த அக்கா. மெலிந்த உருவம், மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வழிகாட்டித் தாளை எங்களிடம் தந்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாங்கள் எவ்வளவு தடுமாறினாலும் அந்தக் கைகள் முன்னால் வராது.

ஒருநாள் அதை நிறுவும்போது திரை அசையாமல் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் வீணாக எரிகிறதே என்று ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினேன். செய்ததெல்லாம் அழிந்துபோனது. வகுப்புக்கு அந்தக் கிழமை கிடைத்த மண்ணெண்ணெயில், மறுபடி முதலிலிருந்து தொடங்கும் அளவுக்கு மிச்சமும் இல்லை.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"அது வேலை செய்யேல்லை எண்டு நினைச்சன் அக்கா."

"செய்துகொண்டுதான் இருந்தது. தாளிலை அதைச் சொல்லேல்லை. நீங்கள் எழுதுங்கோ."

"எனக்கு ஒண்டும் தெரியாதே!"

"எல்லாம் தெரிஞ்ச ஆக்கள்தானே இதை எழுதாமல் விட்டவை."

எழுதினேன்: ‘இந்த இடத்தில் திரை நெடுநேரம் அசையாது. பயப்பட வேண்டாம். தொடங்குமுன் எரிபொருள் போதுமா என்று பாருங்கள்.’

அவர் அதை ஆங்கிலமாக்கிக் கொண்டுபோனார். பிறகு கொடுத்தனுப்பிய புதிய சீடியின் வழிகாட்டியில் அந்த வரிகள் இருந்தன, எரிபொருள் உட்பட. மின்சாரம் நிற்காத எந்த ஊரில் யார் அதைப் படித்துத் திகைத்தார்களோ!

இன்று வழிகாட்டி எழுதுவதே என் தொழில். அக்கா என்றே கூப்பிட்டதால் அவர் பெயரை நான் கேட்கவேயில்லை. ஆனால், நான் எழுதியதைப் படித்து யாராவது தடுமாறும்போது, என் கைகள் தாமாகவே பின்னால் போய்விடுகின்றன.